கோச்சைத் தூக்கும் முன் கோலியைப் பாருங்கள்

கேள்வி: டொராண்டோவில் ஸ்கார்பரோ பக்கம் இருக்கிறோம். நானும் என் இரண்டு பையன்களும் என்எச்எல் (வட அமெரிக்காவின் முதன்மை லீக்) ஐஸ் ஹாக்கியை ஒரு ஆட்டம் விடாமல் பார்ப்போம். அணி நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் போதும், பெரியவன் "கோச்சைத் தூக்கணும்" என்பான், சின்னவன் "வலை காக்கிற கோலி சரியில்லை, கோச் என்ன பண்ணுவார்" என்பான். வீட்டில் ஒரே சண்டை. சீசன் நடுவில் கோச்சை மாற்றுவது எப்போது சரி? நாங்கள் எதைப் பார்த்து முடிவுக்கு வருவது?

பதில்: உங்கள் சின்னவன் பக்கம்தான் நான் முதலில் நிற்பேன், ஆனால் கடைசி வரைக்கும் இல்லை. எத்தனை தோல்வி என்று எண்ணி ஒரு கோச்சை மாற்றக் கூடாது. ஆட்டமே கெட்டிருக்கிறதா, கெட்டதற்குக் காரணம் கோச் கையில் இருக்கிற விஷயமா, அவர் இடத்துக்கு வரப்போகிறவர் யார் என்று தெரியுமா, இந்த மூன்றுக்கும் பதில் கையில் இருக்க வேண்டும். மூன்றும் இருந்துவிட்டால் ஒரு வாரம் கூடத் தள்ளிப்போடக் கூடாது, ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

முதலில் கோலி. ஒரு ஆட்டத்தில் ஒரு அணியின் வலையை நோக்கி சுமார் 28, 30 ஷாட்கள் வரும். நூற்றுக்கு 90ஐ நிறுத்துகிற கோலி திடீரென்று 88ஐத்தான் நிறுத்துகிறார் என்றால் 30 ஷாட்டுக்கு 0.6 கோல் கூடுதலாக விழும், பத்து ஆட்டத்தில் ஆறு கோல். ஒரு கோல் வித்தியாசத்தில் அத்தனை ஆட்டங்கள் முடிகிற லீக்கில் இந்த ஆறு கோல் எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியும். இதே மாதிரி நம் ஆட்கள் அடிக்கிற ஷாட்டும் சில வாரங்கள் கம்பத்தில் பட்டே திரும்பும். அதனால் ஒரு எளிய சோதனை செய்யுங்கள்: இரு பக்கமும் ஐந்து பேர் ஆடும் நேரத்தில் அணியின் ஷாட் சதவீதத்தையும் (அடித்த நூறு ஷாட்டில் எத்தனை கோல்) கோலியின் சேவ் சதவீதத்தையும் (வந்த நூறு ஷாட்டில் எத்தனையை நிறுத்தினார்) கூட்டுங்கள். நீண்ட ஓட்டத்தில் அது 100ஐ ஒட்டியே வந்து நிற்கும். 15, 20 ஆட்டம் ஆகியும் 96, 97 என்று கிடந்தால், தோல்வியில் பெரும் பங்கு துரதிர்ஷ்டம் அல்லது கோலி. அது பெரும்பாலும் தானே மேலே வரும், யார் பெஞ்சுக்குப் பின்னால் நின்றாலும்.

இங்கேதான் பெரிய ஏமாற்று ஒன்று இருக்கிறது. கோச்சைத் தூக்குவது பெரும்பாலும் அணி அடிமட்டத்தில் கிடக்கும்போது. அங்கிருந்து ஓரளவு மீள்வது எப்படியும் நடந்திருக்கும், ஆனால் புகழ் புதிதாக வந்தவருக்குப் போகும். மின்னசோட்டா வைல்டைப் பாருங்கள்: 2023 நவம்பர் கடைசியில், ஏழு ஆட்டம் தொடர்ந்து தோற்ற பிறகு டீன் எவாசனை அனுப்பிவிட்டு ஜான் ஹைன்ஸைக் கொண்டுவந்தார்கள். முதல் நாலு ஆட்டமும் வெற்றி. ஊரே கொண்டாடியது, ஆனால் சீசன் முடிந்தபோது அணி பிளே-ஆஃபில் (சீசனுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில்) இல்லை. முதல் பத்து நாள் உற்சாகத்தை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சரி, அப்போது கோச் கையில் இருப்பது என்ன? நான் பார்க்கிற இடங்கள் வேறு. சொந்தப் பகுதியிலிருந்து பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டை) வெளியே கொண்டுவரும்போது ஐந்து பேருக்கும் அவரவர் எங்கே இருக்க வேண்டும் என்று தெரிகிறதா, இல்லை பக்கைக் கண்ணாடியில் அடித்துத் தள்ளிவிட்டு மூச்சு விடுகிறார்களா. பவர் பிளேயும் (எதிரணிக்கு ஆள் குறைந்த நேரம்) பெனால்டி கில்லும் (நமக்கு ஆள் குறைந்த நேரம்) வாரக்கணக்கில் ஒரே தப்பை ஒரே மாதிரி செய்கின்றனவா. ஒரு ஷிப்ட், அதாவது ஒருவர் ஒரு தடவை பனியில் இறங்கி ஆடுவது, சுமார் 45 வினாடி, அதைத் தாண்டி ஒரு நிமிடம், ஒன்றேகால் நிமிடம் என்று நட்சத்திர வீரர்கள் பனியிலேயே நிற்கிறார்களா. அப்படி நின்றால் அவர்கள் கோச்சின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள் என்று பாதி அர்த்தம். ஆட்டத்தின் மூன்று பீரியடில் இரண்டாவதையும் கவனியுங்கள், அந்தப் பீரியடில் சொந்த பெஞ்ச் தூரத்தில் இருப்பதால் ஆள் மாற்றுவது கஷ்டம், ஒழுங்கு குலைந்த அணி அங்கேதான் அகப்பட்டுக்கொள்ளும். ஒரு கோல் வாங்கிய அடுத்த இரண்டு நிமிடம் எப்படி ஆடுகிறார்கள் என்பதும் எனக்கு முக்கியம். தரமான வாய்ப்புகளின் கணக்கில் அணி கடந்த 20, 25 ஆட்டங்களாகப் படிப்படியாகச் சரிந்து வருகிறது, கண்ணுக்கும் இந்த அடையாளங்கள் தெரிகின்றன என்றால் கோலியைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே உங்கள் பெரியவன் சொல்வதுதான் சரி.

இப்போது எட்மண்டன் ஆயிலர்ஸ். 2023 நவம்பர் 12 அன்று, 13 ஆட்டத்தில் 3 வெற்றி என்ற நிலையில் ஜே வுட்கிராஃப்டை நீக்கினார்கள், அதுவும் முந்தின நாள் சியாட்டிலை ஜெயித்துவிட்டு வந்த கையோடு. அந்த அணி வாய்ப்புகளை உருவாக்குவதில் மோசமாக இல்லை, கோல் காப்பதுதான் பரிதாபமாக இருந்தது, கோலி ஜாக் கேம்ப்பெல்லை அதற்குச் சில நாள் முன்புதான் கீழ்நிலை லீக்கான ஏஎச்எல்லுக்கு அனுப்பியிருந்தார்கள். நான் மேலே சொன்ன சோதனைப்படி வுட்கிராஃப்டுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் கிரிஸ் நாப்லாக் வந்தார், அணி 16 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தது, இறுதிச் சுற்றில் ஏழாவது ஆட்டம் வரை போய் புளோரிடாவிடம் தோற்றது. அப்படியானால் என் சோதனை தப்பா? நான் அப்படி நினைக்கவில்லை. கோலி ஸ்டூவர்ட் ஸ்கின்னர் நிதானத்துக்கு வந்தது அந்த எழுச்சியில் பெரிய பங்கு, அது வுட்கிராஃப்ட் இருந்திருந்தாலும் நடந்திருக்கக் கூடியது. ஆனாலும் நாப்லாக், கானர் மெக்டேவிட்டை எரி ஆட்டர்ஸ் ஜூனியர் அணியில் பயிற்றுவித்தவர், அதே நாளில் பால் காஃபியும் உதவிப் பயிற்சியாளராக வந்தார். ஆளை அனுப்புவதற்கு முன்பே வருகிறவரை யோசித்து வைத்திருந்தார்கள், அந்தப் பாதியை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன்.

எல்லோரும் எடுத்துக்காட்டுவது 2018-19 செயின்ட் லூயிஸ் ப்ளூஸைத்தான், ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். 2018 நவம்பர் 19 அன்று மைக் யோவை நீக்கி கிரெய்க் பெரூபேயை இடைக்காலப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். அப்போது 19 ஆட்டத்தில் 17 புள்ளி (ஒரு வெற்றிக்கு இரண்டு புள்ளி). ஆறு வாரம் கழித்து, ஜனவரி 3 காலையில், அணி லீக்கிலேயே கடைசி இடத்தில் இருந்தது! கோச்சை மாற்றியதால் ஒன்றும் ஆகவில்லை என்று அன்று யாரும் சொல்லியிருக்கலாம். ஜனவரி 7 அன்று ஜோர்டன் பின்னிங்டன் முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்து வலை காத்தார், பிலடெல்பியாவை 3-0 என்று வென்றார்கள், ஜூனில் பாஸ்டனில் இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தை ஜெயித்து லீக்கின் பட்டமான ஸ்டான்லி கோப்பையை எடுத்தார்கள். கோச்சும் மாறினார், கோலியும் மாறினார், இரண்டும் சேர்ந்துதான் கோப்பை. பிட்ஸ்பர்க்கும் அப்படியே: 2015 டிசம்பரில் மைக் சல்லிவன் வந்த பிறகு முதல் நாலு ஆட்டமும் தோல்வி, ஆனால் அந்த டிசம்பர், ஜனவரியில் டிரெவர் டேலி, கார்ல் ஹாகலின் என்று வேகமாகச் சறுக்குகிற ஆட்களை வாங்கிக்கொடுத்தார்கள், 2016 கோப்பை அவர்களுடையது. 2012இல் கோப்பை எடுத்த லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸில் கோச் டாரில் சட்டர் வந்தது 2011 டிசம்பரில், வீரர் ஜெஃப் கார்ட்டரை வாங்கியது 2012 பிப்ரவரியில்.

காலக் கணக்குக்கு வருகிறேன். அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழன் வரும் நன்றி தெரிவிக்கும் நாளில் பிளே-ஆஃப் இடத்தில் இருக்கிற அணிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கடைசியிலும் அங்கேயே இருக்கும் என்பது இந்த லீக்கில் பல வருடமாகத் தெரிந்த விஷயம். ஓவர்டைமில் தோற்றவருக்கும் ஒரு புள்ளி உண்டு என்பதால், மேலே இருக்கிற இரண்டு அணிகள் தங்களுக்குள் ஆடி ஓவர்டைமுக்குப் போனாலே மூன்று புள்ளி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், கீழே இருப்பவர் துரத்திப் பிடிப்பது அவ்வளவு சிரமம். 82 ஆட்டத்தில் 95 புள்ளி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். யோவை நீக்கிய அன்று ப்ளூஸுக்கு மிச்சம் 63 ஆட்டத்தில் 78 புள்ளி தேவை, முழு சீசனும் அப்படியே ஆடினால் சுமார் 102 புள்ளி வரும் வேகம். நல்ல அணியால் முடியும். ஜனவரி 3 அன்று நிலைமை 37 ஆட்டத்தில் 34 புள்ளி, மிச்சம் 45 ஆட்டத்தில் 61, அதாவது 111 புள்ளி வேகம். அவர்கள் அந்த வேகத்தையும் தாண்டி ஆடி மொத்தம் 99 புள்ளியில் முடித்தார்கள், ஆனால் அதை நம்பி, அணியைக் கட்டுகிற எந்த ஜெனரல் மேனேஜரும் காத்திருக்கக் கூடாது. என் கணக்கில் பத்து ஆட்டத்துக்குள் தூக்குவது அவசரம், 20 முதல் 30 ஆட்டத்துக்குள் என்றால் புதியவருக்கு வேலை செய்ய நேரம் மிஞ்சும், பாதி சீசனைத் தாண்டிவிட்டால் அது பெரும்பாலும் அடுத்த வருடத்துக்கான முடிவு.

கோச்சே ஏன் முதலில் போகிறார் என்று பையன்களுக்குச் சொல்லுங்கள். வீரர்களின் சம்பளம் உச்சவரம்புக்குள் அடங்க வேண்டும், பலருடைய ஒப்பந்தத்தில் அவர் சம்மதமில்லாமல் வேறு அணிக்கு அனுப்ப முடியாது என்றே இருக்கும். கோச்சின் சம்பளம் அந்த வரம்பில் சேராது. உங்கள் ஊர் மேப்பிள் லீஃப்ஸ் 2015இல் மைக் பாப்காக்குக்கு 8 வருடத்துக்கு 5 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்து, 2019 நவம்பர் 20 அன்று, ஆறு தொடர் தோல்விக்குப் பிறகு, மூன்று வருடத்துக்கு மேல் பாக்கி இருக்கும்போதே அனுப்பினார்கள். அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன், ஏனென்றால் ஆட்டம் தேங்கியிருந்தது, ஷெல்டன் கீஃப் அதே நிறுவனத்தின் கீழ்நிலை அணியான மார்லிஸில் கோச்சாகத் தயாராக இருந்தார். ஆனால் அணியைக் கட்டியவரே ஆளைத் தூக்குகிறார் என்பதை மறக்காதீர்கள். பாதுகாப்பு வீரர்கள் போதவில்லை என்றால் அது கோச்சின் குற்றமில்லை.

வருகிறவர் யார் என்பதற்கு 2024 நவம்பரை விட நல்ல பாடம் கிடையாது. 2022-23இல் 65 வெற்றி, 135 புள்ளி என்று சாதனை படைத்த ஜிம் மான்ட்காமரியை பாஸ்டன் ப்ரூயின்ஸ் நவம்பர் 19 அன்று நீக்கியது. ஐந்தே நாளில் செயின்ட் லூயிஸ், டிரூ பானிஸ்டரை அனுப்பிவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. பானிஸ்டர் அவ்வளவு மோசம் என்று இல்லை, தங்களுக்குத் தெரிந்த நல்ல ஆள் ஒருவர் வெளியே வந்ததால் எடுத்த முடிவு அது. அணி பின்னால் 12 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து 96 புள்ளியுடன் பிளே-ஆஃபின் கடைசி இடத்தைப் பிடித்தது. பாஸ்டன் 76 புள்ளியில் முடித்து வெளியே நின்றது. அவரை நீக்கியவர்களிடம் ஓட்டைகள் நிறைந்த அணி அப்படியே இருந்தது, எடுத்தவர்களிடம் ஒரு திட்டம் இருந்தது.

நீக்குவது என்று முடிவானால் அதை எப்படிச் செய்கிறோம் என்பதும் எனக்கு முக்கியம். ஆட்டங்களுக்கு நடுவே இரண்டு மூன்று நாள் இடைவெளி வரும்போது செய்தால் புதியவருக்குப் பயிற்சி நாள் கிடைக்கும். சம்பந்தப்பட்டவருக்கு முதலில் சொல்ல வேண்டும், ஊருக்கு அப்புறம். 2023 ஜனவரியில் வான்கூவரில் கோச் புரூஸ் பூட்ரோவுக்குப் பதில் ரிக் டாக்கெட் வருகிறார் என்று நாள்கணக்கில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, பூட்ரோ தினமும் பெஞ்சுக்கு வந்து நின்றார். 21ஆம் தேதி எட்மண்டனுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் அரங்கமே அவர் பெயரைச் சொல்லிப் பாட, அவர் கண் கலங்கி நின்றார். மறுநாள்தான் அறிவிப்பு வந்தது.