எரிமலை இல்லாத ஊரில் இருந்துகொண்டு எரிமலை படிக்கலாமா?

(நிலவியல் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, 31 ஆண்டுகள் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பி.எஸ்சி. ஜியாலஜி சேர்ந்து எரிமலை பற்றிப் படிக்க வேண்டும் என்கிறாள். "எரிமலையே இல்லாத ஊரில் இந்தக் கல் படிப்பு எதற்கு?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, காங்கேயம்

பதில்: சேர்த்துவிடுங்கள் அம்மா. எரிமலை வெடிக்கும்போது பக்கத்தில் நின்று படிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் எல்லாம் அது விட்டுப்போன கல்லை வைத்துத்தான் படிக்கிறோம். நீங்கள் கும்பிடப் போகிற சிவன்மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உள்ளது நெஃபிலின் சயனைட் (nepheline syenite) என்ற பாறை. பாறைக்குழம்பு மேலே வராமல் நிலத்துக்கு அடியிலேயே மெதுவாக ஆறி உறைந்த கல். எரிமலைக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதை இப்படிப்பட்ட கல்தான் சொல்லும்.

மேலே வந்து ஓடிய குழம்பைப் பார்க்க வேண்டுமா? சென்னையிலிருந்து மும்பை ரயிலில் ஏறுங்கள். புனே தாண்டி, லோனாவாலாவில் ரயில் மலை இறங்கும்போது வெளியே பார்த்தால், சரிவுகள் படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும். அவை லாவா ஒன்றன்மேல் ஒன்றாக ஓடி உறைந்த அடுக்குகள், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்தவை. இன்றும் ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு பசால்ட் என்ற அந்தக் கல் கிடக்கிறது. அஜந்தாவும் எல்லோராவும் குடையப்பட்டது அதில்தான். சில இடங்களில் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே செங்கல் நிறத்தில் மெல்லிய மண் பட்டை ஒன்று ஓடும். முதல் லாவா ஆறி, வெயிலிலும் மழையிலும் மக்கி மண்ணாகிற அளவுக்குக் காலம் போன பிறகே அடுத்த லாவா வந்து மூடியிருக்கிறது.

அந்தப் பட்டையில் நான் முதலில் கை வைத்தபோது எனக்கு வயது 23. அதற்கு முன் பி.எஸ்சி. படித்த கல்லூரியில் மாணவிகளைக் களப்பயணத்துக்கு அழைத்துப்போக மாட்டார்கள். பையன்கள் சாக்கில் கட்டிக்கொண்டு வந்த கல்லை மேஜையில் வைத்துத்தான் படித்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதனால் கல்லூரியில் முதலில் கேட்க வேண்டியது, ஆண்டுதோறும் களப்பயணம் உண்டா, பெண்பிள்ளைகளும் போகிறார்களா என்பதைத்தான். கட்டடம், பஸ் வசதி எல்லாம் அப்புறம்.

மகளிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள். வேதியியலை விட்டுவிடக் கூடாது. ஒரு எரிமலை அமைதியாக வழிவதும் வெடித்துச் சிதறுவதும் பெரும்பாலும் குழம்பில் உள்ள சிலிக்காவையும் (மணலில் இருக்கிற அதே பொருள்தான்) வாயுவையும் பொறுத்தது. பசால்ட் குழம்பில் சிலிக்கா 50 சதவீதம் போல இருக்கும், அது ஓடும். ரயோலைட் என்ற வகைக் குழம்பில் 70-ஐத் தாண்டும், அது நகரவே சிரமப்படும். கம்மங்கூழ் கொதித்தால் குமிழி மேலே வந்து சும்மா உடைந்துபோகும். களி கொதித்தால் 'பொத்'தென்று கையில் தெறிக்கும். கெட்டியான குழம்பில் வாயு வெளியேற வழியில்லாமல் அடைபட்டுக் கிடந்து, கடைசியில் எல்லாவற்றையும் பிய்த்துக்கொண்டு கிளம்புகிறது.

எதற்கு என்று கேட்கிற உறவினர்களுக்கு ஆர்மேரோவின் கதையைச் சொல்லுங்கள். கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் என்றொரு எரிமலை, உச்சியில் பனிப்பாறை. 1985 நவம்பர் 13 இரவு அது வெடித்தது. பெரிய வெடிப்பு அல்ல. ஆனால் பனி உருகிச் சேறாகி, ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து ஆர்மேரோ ஊரை மூடிவிட்டது. அங்கே 20,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆபத்து எந்தப் பக்கம் வரும் என்று காட்டும் வரைபடம் அதற்கு முந்தின மாதமே போடப்பட்டிருந்தது. ஊர் மட்டும் காலி செய்யப்படவில்லை. இந்தப் பாடத்தை நடத்தும் போதெல்லாம் வகுப்பில் கொஞ்ச நேரம் பேச முடியாமல் நின்றிருக்கிறேன். ஆறு ஆண்டுகள் கழித்து, 1991 ஜூனில், பிலிப்பைன்சின் பினடூபோ அதைவிட எத்தனையோ மடங்கு பெரிதாக வெடித்தது. அங்கே விஞ்ஞானிகள் சொன்னதைக் கேட்டு முன்கூட்டியே மக்களை வெளியேற்றினார்கள், பல்லாயிரம் பேர் பிழைத்தார்கள். கல் படித்தவர்கள் செய்த வேலை அது.

வேலை பற்றி: எம்.எஸ்சி. வரை படிக்க வேண்டும். ஐ.ஐ.டி.களில் சேர ஜாம் தேர்வு, இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு யு.பி.எஸ்.சி. தேர்வு. நிலத்தடி நீரிலும் சுரங்கத்திலும்தான் வேலை அதிகம். எரிமலையிலேயே இருக்க வேண்டுமென்றால் ஆராய்ச்சிக்குத்தான் போக வேண்டும். நம் நாட்டிலேயே அந்தமான் பக்கம் பாரன் தீவு (Barren Island) என்ற எரிமலைத் தீவு இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அடங்கிக் கிடந்து, 1991-இல் மறுபடி வெடித்தது.

கேள்வி: முதலாண்டு மாணவன். செய்முறையில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கால்சைட் என்ற மூன்று கனிமங்களும் வெள்ளையாகவே தெரிகின்றன. எப்போதும் தப்பாகச் சொல்லிவிடுகிறேன்.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: நிறத்தைப் பார்ப்பதை நிறுத்துங்கள் தம்பி. முதலில் பேனாக்கத்தியால் கீறுங்கள். கீறல் விழுந்தால் கால்சைட். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும், சந்தேகமே வேண்டாம். கீறல் விழவில்லையென்றால் கல்லை விளக்குக்கு நேரே பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். ஏதோ ஒரு கோணத்தில் ஒரு முகம் முழுவதும் கண்ணாடி போலப் 'பளிச்'சென்று மின்னும். அது ஃபெல்ட்ஸ்பாரின் பிளவுத்தளம், அதாவது அது தட்டையாகப் பிளக்கிற முகம். குவார்ட்ஸுக்குப் பிளவு கிடையாது, உடைந்த பாட்டில் ஓடு மாதிரி வளைந்து உடைந்திருக்கும். ஆய்வகப் பெட்டியில் உள்ள துண்டுகளை மனப்பாடம் செய்யாதீர்கள். தேர்வில் வேறு துண்டு வரும்.

கேள்வி: பல்லாவரம் மலையும் பரங்கிமலையும் பழைய எரிமலைகளா?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: இல்லை. அந்தக் கல் சார்னகைட். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவானது. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போன பிறகே நம் கண்ணுக்கு வந்திருக்கிறது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் வைத்திருந்த கல்லும் இதே வகைதான், சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அதை வைத்துத்தான் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் இந்தப் பெயரை வைத்தார். அந்தப் பக்கம் போனால் வெயில் பட்டு மங்கிய முகத்தைப் பார்க்காதீர்கள். புதிதாக உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பும் நீலம் கலந்த சாம்பல் நிறமும் தெரியும்.