பொண்ணு இன்ஜினியரிங் வேண்டாம் என்கிறாள், வயலினும் பயணமும் சோறு போடுமா?

சார், உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். கோவில்பட்டியில் இருக்கிறீர்கள், பொண்ணு பிளஸ் டூ படிக்கிறாள், மார்க் நன்றாக வருகிறது, சின்ன வயசிலிருந்து வயலின் கற்கிறாள். இப்போது 'கலை, இசை, பயணம் வழியாக நாடுகளை இணைக்கிற வேலைக்குத்தான் போவேன், இன்ஜினியரிங் வேண்டாம்' என்று பிடிவாதமாக நிற்கிறாள். அப்படி ஒரு வேலை நிஜமாகவே இருக்கிறதா, இருந்தால் சோறு போடுமா, இதுதானே கவலை? அவள் அம்மா தினமும் இதையே சொல்லி அழுகிறார் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்.

வேலை இருக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க் கதையையே சொல்கிறேன். எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்த பாலுசுவாமி தீட்சிதர், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி. ஐரோப்பிய வயலினைக் கற்று கர்நாடக இசைக்குள் கொண்டுவந்த முன்னோடி என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அந்தக் குடும்பத்தை அதற்கு முன்னால் சென்னைப் பக்கத்து மணலியில் வைத்து ஆதரித்தவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமான வேலை பார்த்த முதலியார் குடும்பம். சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர்கள் வாசிக்கிற பேண்டைக் கேட்கக் கூட்டிப்போனதும், பாலுசுவாமிக்கு வெள்ளைக்கார வாத்தியாரை ஏற்பாடு செய்ததும் அவர்கள்தான் என்பார்கள். வாசித்தவர் பெயர் எல்லோருக்கும் தெரியும், ஏற்பாடு செய்தவரை யாரும் நினைப்பதில்லை. உங்கள் பொண்ணு கேட்கிறது பெரும்பாலும் அந்த ஏற்பாடு செய்கிற வேலை. அவளுக்கே அது இன்னும் தெரியாமல் இருக்கலாம், ஏனென்றால் இந்த வயசில் மனசில் ஓடுகிற படத்தில் மேடையும் விமான நிலையமும் மட்டும்தான் இருக்கும்.

மேடைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள். சென்னையிலிருந்து ஒரு கச்சேரிக் குழு அமெரிக்கா போகிறது என்று வையுங்கள். பாட்டு, வயலின், மிருதங்கம், கடம். மரபுக் கலைஞர்களுக்கென்றே அங்கே பி-3 என்று ஒரு விசா வகை இருக்கிறது. அதற்கு அங்குள்ள அமைப்பாளர் மனுப் போட வேண்டும். இந்தக் கலை தனி மரபு உடையது என்று நிபுணர்களின் கடிதம், பத்திரிகைச் செய்திகள், ஒப்பந்தம், எந்தத் தேதியில் எந்த ஊர் என்கிற பட்டியல், போதாததற்கு அந்நாட்டுத் தொழிற்சங்கத்தின் கருத்துக் கடிதம், எல்லாம் கட்டாகப் போக வேண்டும். ஒரு தாள் குறைந்தால் மனு அப்படியே நிற்கும், டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகும். அப்புறம் வாத்தியங்கள். கடத்தைச் சரக்கோடு போட முடியாது, உடைந்துவிடும். ஆஸ்திரேலியா என்றால் மிருதங்கத்தில் தோல் இருப்பதை இறங்கியவுடன் எழுதிக்கொடுத்தாக வேண்டும், அதிகாரி பிரித்துப் பார்க்கவும் செய்யலாம். நம் கலைஞர்கள் தரையில் உட்கார்ந்து வாசிப்பவர்கள், அதற்கு மேடைமேல் இன்னொரு சின்ன மேடை, விரிப்பு, தாழ்வாக வைக்கிற மைக் என்று முன்னாடியே அரங்கத்துக்கு வரைந்து அனுப்ப வேண்டும். கச்சேரி முடிந்து ராத்திரி பத்தரை மணிக்கு சைவச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்பதும் அதே ஆளின் தலைவலிதான். கடைசியில் பணம். அமெரிக்காவில் வெளிநாட்டுக் கலைஞருக்குப் பேசிய தொகையில் பொதுவாக 30 சதவீதத்தை அங்கேயே வரியாகப் பிடித்துவிடுவார்கள், அதை முதலிலேயே கணக்கில் சேர்த்துப் பேசாவிட்டால் ஊர் திரும்பிய பிறகு சண்டை.

ராகமும் தெரிந்து, இந்தக் காகித வேலையும் தெரிந்த ஆள் மிகக் குறைவு. சங்கீதம் தெரிந்தவர்களுக்குப் பட்ஜெட் போட வராது, பட்ஜெட் தெரிந்தவர்களுக்குக் கச்சேரி நடுவில் மிருதங்கத்துக்கு ஏன் மறுபடி சுருதி சேர்க்கிறார்கள் என்று புரியாது. உங்கள் பொண்ணுக்கு இடம் இருப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்.

யார் சம்பளம் தருவார்கள் என்று கேட்பீர்கள். சென்னையிலேயே ஜெர்மனியின் கோத்தே நிறுவனம், பிரெஞ்சுக்காரர்களின் அலியான்ஸ் பிரான்சேஸ், கொரியாவுக்கான இன்கோ மையம் எல்லாம் இருக்கின்றன. மொழி சொல்லித்தருவதோடு கச்சேரி, கண்காட்சி, நாடகம் என்று நிகழ்ச்சி நடத்துகிறவர்கள், அதற்கு ஆள் வைத்திருக்கிறார்கள். முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த கலை, பாரம்பரிய அருங்காட்சியகமான தட்சிணசித்ரா, 2012-இலிருந்து கொச்சியில் நடக்கும் பினாலே என்கிற பெரிய கலைக் கண்காட்சி, சிங்கப்பூரில் எஸ்பிளனேட் அரங்கம் வருஷந்தோறும் நடத்துகிற இந்தியக் கலை விழாவான 'கலா உற்சவம்', இப்படிப் பல இடங்கள். அரசுப் பக்கம், 1950-இல் மௌலானா ஆசாத் தொடங்கிய ஐ.சி.சி.ஆர்., அதாவது இந்தியக் கலாச்சார உறவுகள் கவுன்சில் இருக்கிறது. வெளிநாடுகளில் உள்ள இந்தியக் கலாச்சார மையங்களுக்கு நடனம், இசை, யோகா ஆசிரியர்களை ஒப்பந்தத்தில் அனுப்புகிறார்கள். பயணத்துறைதான் பிடிக்கிறது என்றால் மத்திய அரசின் சுற்றுலா மேலாண்மை நிறுவனமான ஐ.ஐ.டி.டி.எம்.-இன் வளாகம் ஒன்று நெல்லூரில் இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால் இந்தப் பொண்ணுக்கு அது இரண்டாம் பட்சம்.

இதில் எங்கே போனாலும் முதலில் பார்ப்பது மொழி. ஆங்கிலம் எல்லோருக்கும் இருக்கிறது, அதைச் சொல்லவில்லை. ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானியம், கொரியன், இதில் ஒன்றே ஒன்று. நாலையும் தொட்டுப் பார்க்கிற ஆசை வரும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஏ1 என்கிற ஆரம்ப நிலைச் சான்றிதழ் நாலு வைத்திருப்பவரைவிட, ஒரே மொழியில் பி2 என்கிற சரளமாகப் பேசும் நிலைச் சான்றிதழ் வைத்திருப்பவரைத்தான் கூப்பிடுவார்கள். ஜெர்மனோ பிரெஞ்சோ என்றால் பி2 வரை, ஒழுங்காகப் படித்தால், கல்லூரி முடிவதற்குள் தாராளமாக வந்துவிடும். ஜப்பானியம் என்றால் ஜே.எல்.பி.டி. என்கிற மொழித் திறன் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையில் நடக்கிறது. என்5 ஆரம்ப நிலை, எண் குறையக் குறைய நிலை உயரும், வேலைக்கு உதவுவது என்3-க்கு மேலேதான்.

சரி, டிகிரி? இங்கேதான் உங்களுக்கும் அவளுக்கும் சண்டை. இன்ஜினியரிங்கை விட்டுவிடுங்கள், மனசில்லாமல் நாலு வருஷம் படித்து அரியர் வைப்பதில் யாருக்கும் லாபமில்லை. என் யோசனை பி.காம். ஆச்சரியமாக இருக்கலாம், ஆனால் கணக்கு வழக்கு தெரிந்த வயலின் கலைஞர் என்றால் இந்தத் துறையில் தனி மரியாதை. கூடவே வயலின் ஒரு நாளும் நிற்கக் கூடாது. இசையையே ஆழமாகப் படிக்க வேண்டும் என்று அவள் உறுதியாகச் சொன்னால் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய நாலு ஊரிலும் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. மதுரை உங்களுக்குப் பக்கம், செலவும் குறைவு. அப்படிப் போனால் கணக்கு எழுதுவதையும் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதுவதையும் தனியாகக் கற்றே ஆக வேண்டும்.

வெளிநாட்டுக் கனவு டிகிரிக்கு அப்புறம். ஐரோப்பிய ஒன்றியத்தின் இராஸ்மஸ் முண்டுஸ் முதுகலைப் படிப்புகளில் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம் வரை தருகிறார்கள், கல்விக் கட்டணமும் நீங்கள் கட்ட வேண்டியதில்லை. ஒரே படிப்பை இரண்டு மூன்று நாடுகளில் இருந்து படிப்பார்கள். நடனத்தை மரபுச் செல்வமாக ஆராய்கிற 'கோரியோமுண்டுஸ்' என்ற படிப்பு நார்வே, பிரான்ஸ், ஹங்கேரி, இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உருவாக்கியது. விண்ணப்பம் பெரும்பாலும் அக்டோபரில் தொடங்கி ஜனவரி வாக்கில் முடிந்துவிடும், ஆகவே கடைசி வருஷ தீபாவளி நேரத்தில் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். போட்டி கடுமைதான். கிடைத்தால் மட்டும் போகட்டும், இதற்காக வீட்டை அடமானம் வைக்கவே வைக்காதீர்கள்.

அதற்கு முன்னாடியே அவளுக்கு ஒரு ருசி காட்டலாம். 1990-இல் சுவீடனில் ஆரம்பித்த 'எத்னோ' என்கிற நாட்டுப்புற இசை முகாம்கள் இப்போது பல நாடுகளில் நடக்கின்றன, இந்தியாவிலும் நடந்திருக்கிறது. பல நாட்டு இளைஞர்கள் தங்கள் ஊர்ப் பாட்டைக் கொண்டுவந்து ஒருவருக்கொருவர் சொல்லித்தருவார்கள். தாளில் எழுதின ஸ்வரம் கிடையாது, காதால் கேட்டே பிடிக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்குப் பாட்டு வாத்தியார் ஒரு வரி பாட, திருப்பிப் பாடுகிற பழக்கம் உண்டே, அது அங்கே நன்றாகக் கைகொடுக்கும். நம் பிள்ளைகள் திணறுவது இன்னொன்றில், பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கும்போது தன் பங்கைக் குறைத்துக்கொண்டு பின்னால் நிற்பதில். அது வருகிறதா என்று அவளே தெரிந்துகொள்ளட்டும். வராவிட்டால் இந்த ஏற்பாட்டு வேலை அவளுக்குச் சரிப்படாது, தனிக் கச்சேரி வழியைப் பார்க்கலாம்.

ஏமாற்று வேலையும் நிறைய நடக்கிறது. 'சர்வதேசக் கலை விழாவில் உங்கள் குழந்தை தேர்வாகியிருக்கிறது, பதிவுக் கட்டணம், டிக்கெட், தங்குமிடம் எல்லாம் நீங்கள் கட்டுங்கள்' என்று அழைப்பு வரும். போய்ப் பார்த்தால் ஒரு பள்ளிக்கூட ஹாலில், பார்வையாளர்களே மற்ற பெற்றோர்தான். கையில் ஒரு கேடயம், போட்டோ. கூப்பிடுகிறவர் செலவில் ஒரு பங்காவது ஏற்கவில்லை என்றால் அது சுற்றுலா, அப்படி நினைத்துப் போவதானால் போங்கள். இரண்டு மாதத்தில் கலாச்சார மேலாளர் ஆக்குகிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்கும் சான்றிதழ் படிப்புகளும் அப்படியே.

சம்பளத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஐ.டி. வேலைக்குப் போன பக்கத்து வீட்டுப் பையனைவிடக் குறைவாகத்தான் வாங்குவாள். நிறைய வேலை ஒப்பந்தத்தில், திட்டம் முடிந்தால் சம்பளமும் முடிந்தது. அதனால்தான் பி.காமும் மொழியும். ஒரு வருஷம் நிகழ்ச்சி இல்லாவிட்டாலும் மொழிபெயர்ப்பு, மொழி வகுப்பு, வெளிநாட்டுக் கம்பெனியின் கணக்குப் பிரிவு என்று எங்கேயாவது ஒட்டிக்கொள்ளலாம். அவள் அம்மாவிடம் இதை இப்படியே சொல்லுங்கள், 'எல்லாம் சரியாகிவிடும்' என்று மட்டும் சொன்னால் அழுகை நிற்காது.

அப்புறம் ஒரு சின்ன வேலை, இதை இந்த விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட். நம் பிள்ளைகளின் பத்தாவது மார்க்‌ஷீட்டில் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டிலோ குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் கேட்கும். அதைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் பெயர் இடம் மாறி அச்சாகும், சில நாடுகள் ஒற்றைப் பெயரை ஏற்பதே இல்லை. உங்கள் பெயரை விரித்து அந்தக் கட்டத்தில் போடுங்கள், ஆதாரிலும் அதே எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.