நகராட்சிக் கவுன்சிலருக்கும் தலைவருக்கும் உண்மையில் என்ன வேலை?

குமரி மாவட்டத்தின் சிறு நகராட்சி ஒன்றில் வசிக்கும் நீங்கள், வார்டு கவுன்சிலருக்கும் நகர்மன்றத் தலைவருக்கும் உரிய பொறுப்புகள் எவை, எந்தக் காரியத்துக்கு யாரைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இம்மாவட்டத்து நகராட்சி ஒன்றில் மன்றப் பிரிவு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் பதில் சொல்கிறேன். கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செய்து உறுப்பினர்களுக்கு அனுப்புவதும், முடிவுகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவதுமே என் வேலையாக இருந்தன.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். தனி ஆளாக ஒரு கவுன்சிலருக்கு நிர்வாக அதிகாரம் எதுவும் கிடையாது. நகராட்சிப் பணத்தில் ஒரு ரூபாயை அவர் கையெழுத்தால் எடுக்க முடியாது. பணியாளரை இடம் மாற்றவோ, கட்டட அனுமதி கொடுக்கவோ, பிறப்புச் சான்றிதழ் வழங்கவோ முடியாது. அவையெல்லாம் ஆணையரும் அவருக்குக் கீழுள்ள பிரிவுகளும் செய்பவை. அதிகாரம் இருப்பது மன்றத்துக்கு. குழித்துறையிலும் பத்மநாபபுரத்திலும் 21 பேர், குளச்சலில் 24 பேர், கொல்லங்கோட்டில் 33 பேர், 2019இல் மாநகராட்சியான நாகர்கோவிலில் 52 பேர் சேர்ந்து உட்கார்ந்து, ஒரு பொருளை வாசித்து, ஏற்கவோ மறுக்கவோ ஒத்திவைக்கவோ செய்யும்போதுதான் அந்த அதிகாரம் உயிர் பெறுகிறது. வரவுசெலவுத் திட்டம், சாலை மற்றும் ஓடைப் பணிகளுக்கான மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, சந்தைக் குத்தகை, நகராட்சிக் கடைகளின் வாடகை என எல்லாம் அந்த வாசலைக் கடந்தே ஆக வேண்டும். ஆடி அமாவாசையை ஒட்டிக் குழித்துறை நகராட்சி நடத்தும் வாவுபலி பொருட்காட்சியும் இதற்கு விலக்கல்ல.

என் பணியின் கடைசிக் காலத்தில், பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டு ஒன்றிலிருந்து புதிதாக ஓர் உறுப்பினர் வந்தார். கணவர்தான் எல்லாம் பார்த்துக்கொள்வார் என்று அலுவலகத்தில் நாங்களே பேசிக்கொண்டோம். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. இரண்டாவது கூட்டத்திலேயே, பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கோடிட்ட நிகழ்ச்சி நிரலோடு வந்து உட்கார்ந்தவர், கழிவுநீர் ஓடை ஒன்றுக்கு மூடி போடும் பொருள் வாசிக்கப்பட்டதும் எழுந்து, "இந்த ஓடைக்கு சிலாபு போட்டு ரெண்டு வருசம் ஆகல்லியே சார், பிள்ளைய ஸ்கூல்ல விட நான் தெனமும் அதுவழிதானே போறேன்" என்றார். பொறியாளர் கோப்பைப் புரட்டினார். மதிப்பீட்டில் கண்ட நீளத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே முடிந்த வேலை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. 'விவாதத்திற்குப் பின் இப்பொருள் ஒத்திவைக்கப்படுகிறது' என்று அன்று நான் எழுதினேன். மறுமுறை அளந்து குறைத்த தொகையோடுதான் அது திரும்பி வந்தது. கவுன்சிலரின் வேலை என்னவென்று யார் கேட்டாலும் எனக்கு அந்தப் பென்சில் கோடுகள்தாம் நினைவுக்கு வருகின்றன.

தலைவரின் நிலை சற்று வேறு. கூட்டத்தைக் கூட்டித் தலைமை தாங்குவது அவருடைய கடமை. அவசரச் செலவுகள் சில அவருடைய முன் அனுமதியில் நடந்து, பிறகு மன்றத்தின் பின்னேற்புக்கு வரும். நிகழ்ச்சி நிரலில் இவ்வகைப் பொருள்கள் அதிகமாகத் தென்பட்டால் உறுப்பினர்கள் விழித்துக்கொள்வது நல்லது. 2011இல் தலைவரை வாக்காளர்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022இல் கவுன்சிலர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தார்கள். ஆகையால் இன்றைய தலைவர் ஊரைப் பார்க்கும் அதே கண்ணால் உறுப்பினர்களின் முகத்தையும் பார்த்தபடிதான் நடக்க வேண்டியிருக்கிறது.

மன்றத்துக்கும் எல்லை உண்டு. 2022இல் சொத்து வரி உயர்ந்தபோது பலரும் கவுன்சிலரிடம் சண்டைக்குப் போனார்கள். ஆனால் நகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 1800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 சதவீதம் என்ற அளவுகளை வகுத்தது மாநில அரசு. மன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றின. மார்த்தாண்டம் குழித்துறை நகராட்சியின் எல்லைக்குள் இருந்தாலும் அங்குள்ள மேம்பாலம் தேசிய நெடுஞ்சாலைக்கு உரியது. பட்டாவுக்குத் தாலுகா அலுவலகம். தெருவிளக்கில் ஒரு வேடிக்கை உண்டு: விளக்கு நகராட்சியுடையது, அதைத் தாங்கும் கம்பம் மின்வாரியத்துடையது, பல்பு எரியவில்லையென்றால் ஓரிடம், கம்பம் சாய்ந்தால் வேறிடம்.

இவ்வளவுக்கும் நகராட்சிக் கவுன்சிலருக்கு 2023 ஜூலை முதல் மாதம் 5,000 ரூபாயும், தலைவருக்கு 15,000 ரூபாயும் மதிப்பூதியம் என்று அரசு அறிவித்தது. வார்டில் நடக்கும் கல்யாண வீடுகளுக்குப் போய்வரவே அது காணாது என்று ஓர் உறுப்பினர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னதுண்டு. கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் வருகிறாரா என்பதை வைத்து நாம் ஆளை எடைபோடுகிறோம்; கூட்டத்தில் என்ன பேசினார் என்று ஒருவரும் விசாரிப்பதில்லை.

உங்கள் தெருவுக்கு ஓடையோ சாலையோ வேண்டுமானால் கவுன்சிலரிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். இடம், நீளம், எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை என்பதை எழுதிக் கொடுத்து, அடுத்த கூட்டத்தில் பொருளாக வைக்கச் சொல்லுங்கள். ஒரு பிரதியை ஆணையர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் தீர்மான எண்ணையும் நாளையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பொறியியல் பிரிவில் போய், "எங்க தெரு வேலை என்னாச்சு" என்று கேட்பவருக்கு அடுத்த வாரம் வரச் சொல்வார்கள். எண்ணைச் சொல்லிக் கேட்பவருக்குக் கோப்பை எடுத்துத்தான் ஆக வேண்டும்.