ராணிகள் வந்துவிட்டார்கள், மற்றவர்கள்? – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மண்டபம் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் வரலாறு குரூப் படிக்கிறேன். பாடநூலில் பெண்கள் வரலாறு போதவில்லை, சேர்க்க வேண்டும் என்று நாங்கள் சில பேர் மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். வேலு நாச்சியாருக்கும் குயிலிக்கும் தனித்தனிப் பாடம் வேண்டும் என்பதே முக்கியக் கோரிக்கை. பாடநூல் கழகத்துக்கு அனுப்பப்போகிறோம். ஒரு சார், "பொம்பளைங்களுக்குன்னு தனியா என்ன வரலாறு? முதல்ல மார்க் எடுங்க" என்றார். என் அம்மா பாசிக்குப் போகிறவர், கடலில் முங்கிப் பாசி எடுப்பதுதான் அவர் வேலை. "இன்னும் நாலு ராணி பேரைப் படிச்சு என்ன ஆகப்போவுது?" என்று அவரும் கேட்கிறார். மனுவின் நகலை இணைத்திருக்கிறேன். படித்துவிட்டுச் சொல்லுங்கள். என் பெயர் வேண்டாம்.

பிளஸ் ஒன் மாணவி

அன்புள்ள தங்கைக்கு,

மனுவைப் படித்தேன். கையெழுத்து வாங்குவதை நிறுத்தாதீர்கள், கோரிக்கையை மட்டும் மாற்றுங்கள். உங்கள் சாருக்குப் பதில் சொல்வது சுலபம். அம்மா கேட்டதுதான் கஷ்டமான கேள்வி, அதற்கு இந்த மனுவில் பதில் இல்லை.

வேலு நாச்சியார் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறார். ராமநாதபுரத்து மன்னர் மகள், 1772-இல் காளையார்கோவிலில் கணவர் கொல்லப்பட்டது, விருப்பாச்சியில் தஞ்சம் புகுந்திருந்த காலம், ஹைதர் அலி உதவி, 1780-இல் சிவகங்கையை மீட்டது, இவ்வளவும் நீங்கள் படித்துப் பரீட்சை எழுதியதுதான். தனிப்பாடம் கேட்டால் இதையே இன்னும் நீட்டித் தருவார்கள். வேலு நாச்சியார் படையில் இருந்து உயிரைக் கொடுத்ததாகச் சொல்லப்படும் குயிலி விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அவர் கதைக்கு வாய்மொழி மரபுதான் பெரிய ஆதாரம். நீங்களோ பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். மனுவைத் தள்ள நினைக்கிறவர் முதலில் அந்தப் பத்தியில்தான் கை வைப்பார். மக்கள் நினைவில் இருக்கிறார் என்று எழுதுங்கள், அதை யாரும் மறுக்க முடியாது.

ராணிதான் வேண்டும் என்றால் நம் ஊரில் இன்னொருவர் இருக்கிறார். பாம்பன் பாலத்தைத் தாண்டி குந்துகாலுக்குப் பள்ளிச் சுற்றுலா போயிருப்பீர்கள். 1897-இல் விவேகானந்தர் வந்து இறங்கிய இடம், வரவேற்றவர் பாஸ்கர சேதுபதி. விவேகானந்தர் சிகாகோ போக உதவியவரும் இவர்தான் என்பதும் தெரியும். அந்தப் பாஸ்கர சேதுபதி கைக்கு ஜமீன் எப்படி வந்தது? அவருடைய தந்தை முத்துராமலிங்க சேதுபதி தத்துப்பிள்ளை. கணவர் இறந்து பல வருஷம் கழித்து, 1847-இல், ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் அவரைத் தத்தெடுத்தார். கணவரின் அனுமதி இல்லாமல் விதவை தத்தெடுக்க முடியாது, வாரிசு இல்லாத ஜமீன் சர்க்காருக்கே என்று மதுரை கலெக்டர் தரப்பு வாதாடியது. ராணி இறந்த பிறகும் வழக்கு ஓடி அன்றைய கடைசி அப்பீல் மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. 1868-இல் தத்து செல்லும் என்று தீர்ப்பு வந்தது. கணவர் வழிப் பங்காளிகள் சம்மதித்திருந்தால் போதும் என்றார்கள். (பங்காளிகள் சம்மதம்! பெண்ணுக்கு முழு உரிமை கிடைத்துவிட்டதாகக் கொண்டாடவும் வேண்டாம்.) அந்தத் தீர்ப்பில் முக்கியமான ஒரு விதி இருக்கிறது: தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம், ஏட்டில் எழுதிய சட்டத்தைவிட வலுவானது. இந்து சட்டம் படிக்கிற எல்லோரும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். ராமநாதபுரத்துப் பிள்ளைகளுக்குத்தான் தெரியாது.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் அம்மாவிடம் வாருங்கள். விரலுக்கு விரல் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பை கட்டி, மூச்சை அடக்கி முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுக்கிற வேலை. துணி சுற்றினாலும் விரல் கிழியும். அகர் என்ற ஜெல்லி போன்ற பொருளைத் தயாரிக்க அந்தப் பாசி போகிறது. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வந்தன. அதுவரை தொழில் செய்த இடம் தடை செய்யப்பட்ட இடமானது. பாசிக்குப் போன பெண்களை வனத்துறையினர் பிடித்தார்கள், பாசியைப் பறித்தார்கள். பெண்கள் சங்கமாகக் கூடி, மாதத்தில் 12 நாள்தான் எடுப்போம், இரும்புச் சுரண்டி வைத்துச் சுரண்டமாட்டோம் என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலத்து லட்சுமி அம்மாவுக்கு 2015-இல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. வழக்கம் பெரிதா, சட்டம் பெரிதா என்று அன்று அரண்மனைக்காகக் கேட்ட கேள்வியைத்தான் இவர்கள் கடலுக்குள் நின்று கேட்கிறார்கள். பிளஸ் டூ மாணவர் உட்கார்ந்து விவாதிக்கத் தகுந்த விஷயம் இது. தனியா என்ன வரலாறு என்று கேட்ட சாருக்கு இதைக் காட்டுங்கள். இதில் சட்டம், வியாபாரம், சூழல், அரசாங்கம் எல்லாமே வருகிறது.

கீழக்கரையில் ஞானப்பாடல்கள் பாடிய ஆசியா உம்மாவையும் ஒரு வரி சேருங்கள். உங்கள் மனுவில் முஸ்லிம் பெண் ஒருவர்கூட இல்லை, இந்தக் கரையில் இருந்துகொண்டு அப்படி எழுதலாமா?

2015-இல் லண்டனில் 17 வயது மாணவி ஒருத்தி செய்ததைச் சொல்கிறேன். இசைப் பாடத்திட்டத்தில் இருந்த 63 இசையமைப்பாளர்களை எண்ணிப் பார்த்தாள். ஒரு பெண்கூட இல்லை. தேர்வு வாரியம் முதலில், அந்த மரபில் பெண்கள் அதிகம் இல்லையே என்று கைகழுவியது. அவள் இணையத்தில் கையெழுத்து திரட்டினாள், அந்த ஆண்டே வாரியம் இறங்கிவந்தது. நீங்களும் எண்ணுங்கள். பதினொன்று, பன்னிரண்டு வரலாற்றுப் புத்தகங்களில் பெண்கள் பாடத்துக்குள் எத்தனை முறை வருகிறார்கள், பெட்டிச் செய்தியில் எத்தனை முறை, புக் பேக் கேள்வியில் எத்தனை முறை என்று தனித்தனியாக. கேள்வியில் வராததை எந்த வகுப்பிலும் நடத்தமாட்டார்கள், உங்களுக்கே தெரியும்.

முகவரியும் தவறு. பாடநூல் கழகம் அச்சடித்துத் தருகிற இடம். பாடத்தை எழுதுவது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம், சென்னை கல்லூரிச் சாலை. அதன் இயக்குநருக்கு அனுப்புங்கள், கழகத்துக்கு நகல் போதும்.

மனுவோடு நாலு பக்க மாதிரிப் பாடம் ஒன்றும் வைத்தால் நல்லது. அதற்காக அம்மாவிடமும் அவர் கூடப் போகிறவர்களிடமும் கேட்டு எழுதும்போது, எப்போது முதல் பாசிக்குப் போகிறார்கள், யாரிடம் முங்கப் பழகினார்கள், என்ன விலை கிடைத்தது என்று எல்லாம் கேளுங்கள். எந்தத் தீவு, எந்த நாள் என்பதை மட்டும் எழுதாதீர்கள். அரசு அலுவலகத்துக்குப் போகிற காகிதம் அது, நாளைக்கு அதைக் காட்டியே அவர்கள் மேல் வழக்குப் போடலாம். பெயர் போடுவதும் அவர்கள் சரி என்றால்தான்.

அன்புடன்,
அக்கா