துளிர்த்த மாதுளைக் குச்சி ஏன் காய்கிறது?

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாதுளை நன்றாகக் காய்க்கிறது. அதிலிருந்து 6 குச்சிகள் வாங்கி வந்து மாடித் தொட்டியில் நட்டேன். 10 நாளில் எல்லாமே துளிர்த்தன. மூன்றாவது வாரம் ஒவ்வொன்றாகக் காய்ந்துவிட்டன. தினமும் தண்ணீர் ஊற்றினேன். எங்கே தவறு?

பதில்: துளிரைப் பார்த்ததும் குச்சி பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். பலரும் ஏமாறும் இடம் இதுதான். அந்த முதல் இலைகளுக்கும் வேருக்கும் சம்பந்தமே இல்லை. குச்சிக்குள் இருந்த மாவுச்சத்தையும் ஈரத்தையும் செலவழித்துத்தான் மொட்டு விரிகிறது. மாதுளை ஓரளவு வேர்பிடிக்க 6 முதல் 8 வாரம்கூட ஆகும். அதுவரை இலை வழியாக ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஈடுகட்டக் கீழே வேர் இருக்காது. இருப்பு தீர்ந்ததும் காய்ந்துவிடும். தினமும் ஊற்றிய தண்ணீரில் அடிப்பகுதி அழுகியும் இருக்கலாம்.

முருங்கைப் போத்து கைப்பருமன் இருப்பதால் தாக்குப்பிடிக்கிறது. மாதுளைக்கு அந்த வசதி கிடையாது. அதனால் குச்சியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. பச்சையாக வளையும் நுனி வேண்டாம். ஓராண்டு முற்றிய, பென்சில் பருமனுள்ள கிளையில் 20 முதல் 25 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். கீழ் முனையைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேல் முனையைக் கணுவுக்கு மேலே நேராகவும் வெட்டினால், நடும்போது தலைகீழாகிவிடாது. தலைகீழாக நட்ட குச்சி தேறாது. பழத்திலோ இலையிலோ கரும்புள்ளி உள்ள செடியில் குச்சி எடுக்காதீர்கள். பாக்டீரியா கருகல் நோய் குச்சியோடு உங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

ஆற்று மணலும் தென்னை நார்க்கழிவும் சம அளவு கலந்தால் போதும். சாணமும் உரமும் இப்போது வேண்டாம். குச்சியில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகட்டும். வேர் ஊக்கிப் பொடி கிடைத்தால் அடி முனையில் தொட்டு நடுங்கள், வேர் கூடுதலாக வரும். இல்லாவிட்டாலும் மாதுளை வேர்விடும்.

அப்புறம் இடம். மொட்டை மாடி வெயில் கூடவே கூடாது. வெளிச்சம் வரும் நிழலில் வைத்து, அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலை மூடியில்லாமல் குச்சியின் மேல் கவிழ்த்துவிடுங்கள். விரலால் தொட்டுப் பார்த்து மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். பூ மொக்கு வந்தால், மனசு வராவிட்டாலும், கிள்ளிவிடுங்கள்.

வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். இழைபோன்ற புது வேர் அறுந்துவிடும். தொட்டியின் அடித்துளையில் வெள்ளை வேர் தெரியும்வரை பொறுங்கள். அதன்பிறகு பாட்டிலை எடுத்து, ஒரு வாரம் காலை வெயில் மட்டும் காட்டி, பெரிய தொட்டிக்கு மாற்றலாம்.

சித்திரை, வைகாசி வெயிலில் முயல வேண்டாம். மழை தொடங்கியபின் அந்த வீட்டில் கவாத்து செய்யும்போது சொல்லச் சொல்லுங்கள். வெட்டிப் போடும் கிளைகளிலேயே உங்களுக்கு 20 நல்ல குச்சி தேறும்.