சைக்கிள் ஓடுகிற மகனும் 35 வயதுக் கேள்வியும்

அண்ணை, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மகனுக்கு 17 வயது. பாரிஸ் புறநகரில் ஒரு கிளப்பில் ஜூனியர் பிரிவில் ஓடுகிறான், அடுத்த வருடம் பக், அதாவது பள்ளி முடிவுச் சோதனை. "35 வயதில் கால் ஓய்ந்த பிறகு என்ன செய்வாய் என்றால், அணி முகாமையாளர் ஆவேன் என்கிறான். அதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலைதான். ஆனால் மகன் மனதில் வைத்திருக்கிற வேலை அது இல்லை. அவன் அநேகமாக அந்த ஒரு வீடியோவைப் பார்த்திருப்பான். பிரான்சின் பெரிய பலநாள் சைக்கிள் ஓட்டமான டூர் து பிரான்ஸ், 2012, ஜூலை 8, சுவிஸ் நகரமான பொராந்த்ருய் நோக்கி ஓட்டம். 22 வயது திபோ பினோ தனியாக முன்னால் போகிறார். பின்னால் வரும் காரின் ஜன்னலால் பாதி உடம்பை வெளியே போட்டு, கதவில் அடித்து அடித்துத் தொண்டை கிழியக் கத்துகிறார் அவருடைய அணி முகாமையாளர் மார்க் மதியோ. பினோ 26 செக்கனால் வென்றார். அதைப் பார்க்கிற எந்தப் பொடியனுக்கும் அந்தக் காரில் இருக்க ஆசை வரும். எனக்கே வந்தது.

ஆனால் அந்தக் காருக்குள் மதியோ எப்படி வந்து சேர்ந்தார் என்று பாருங்கள். 1980-இல் ரெனோ அணியில் தொழில்முறை ஓட்டக்காரரானார். பாரி-ரூபே என்ற பெயர்பெற்ற ஒருநாள் ஓட்டத்தை 1985-இலும் 1991-இலும் வென்றவர். 1994-இல் அதே ரூபேயில் மோசமாக விழுந்தார்; ஓட்டம் அதோடு சரி. மூன்று வருடம் கழித்து, 1997-இல், லொத்தர் நிறுவனமான பிரான்சேஸ் தே ஜெவின் அனுசரணையில் சொந்தமாக ஓர் அணியைக் களத்தில் இறக்கினார். முதல் பருவத்திலேயே அவருடைய ஓட்டக்காரர் பிரெடெரிக் கெதோன் பாரி-ரூபேயை வென்றார். கால் நூற்றாண்டுக்கு மேல் அந்த அணியை நடத்தினார் மதியோ.

அவர் படித்த பள்ளிக்கூடம் ரெனோ அணி. அதை நடத்தியவர் சிரில் கிமார். 1972 டூரில் அந்நாளைய சாம்பியன் மெர்க்ஸோடு மல்லுக்கட்டி, புள்ளிகளில் முன்னணிக்குரிய பச்சை ஜெர்சியோடு இருந்தவர், முழங்கால் வலி தாங்காமல், முடிவிடமான பாரிஸ் வர இரண்டு நாள் இருக்கும்போது ஓட்டத்தை விட்டு இறங்கினார். 29 வயதில் அணியை இயக்க வந்து, வான் இம்ப், இனோ, பின்யோன் ஆகியோரைக் கொண்டு ஏழு டூர் வென்றார். மதியோ அவரிடம் ஓடும்போதே பார்த்துப் பழகினார். உங்கள் மகனும் இப்போதிருந்தே பயிற்றுநர் என்ன சொல்கிறார் என்பதோடு ஏன் சொல்கிறார் என்பதையும் கவனிக்கட்டும்.

காரில் இருந்து வானொலியில் உத்தரவு கொடுப்பது பெரும்பாலும் விளையாட்டு இயக்குநரின் வேலை. பின் இருக்கையில் சில்லுகளோடு மெக்கானிக் இருப்பார். விளையாட்டு இயக்குநர் ஆவதற்கு உலக சைக்கிள் சம்மேளனம் சுவிஸில், ஏக்ல் என்ற ஊரில், தனிப் பயிற்சியும் டிப்ளோமாவும் வைத்திருக்கிறது. முகாமையாளரின் தலையிடி வேறு: காசு. தெருவில் நடக்கிற ஓட்டத்துக்கு டிக்கெட் கிடையாது, அணிகள் அனுசரணையாளரை நம்பித்தான் பிழைக்கின்றன. எச்டிசி-ஹைரோட் என்ற அணி வெற்றிமேல் வெற்றி குவித்தது. ஆனாலும் புது அனுசரணையாளர் கிடைக்காமல் 2011 முடிவோடு இழுத்து மூடினார்கள். நூறு பேருக்குக் கிட்டச் சம்பளம் கொடுக்க வேண்டிய ஒரு கடையை நடத்துகிற மாதிரித்தான் அது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஊக்கமருந்தால் டூர் பட்டங்களை இழந்த லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் அணியை இயக்கிய ஜோகன் புருனீலும் முன்னாள் ஓட்டக்காரர்தான். ஊக்கமருந்து விவகாரத்தில் 2018-இல் அவருக்கு ஆயுள் தடை விழுந்தது. இதை மகனோடு வெளிப்படையாகக் கதையுங்கள்.

சரி, படிப்பு. எல்லோரும் ஸ்டாப்ஸ், அதாவது விளையாட்டு விஞ்ஞானம், எடுக்கச் சொல்வார்கள். பிழையில்லை. என்னைக் கேட்டால் முகாமைத்துவமோ கணக்கியலோ எடுக்கச் சொல்வேன். பிரிட்டனின் ஸ்கை சைக்கிள் அணியைக் கட்டிய டேவ் பிரெய்ல்ஸ்போர்ட் பெரிய ஓட்டக்காரர் இல்லை, எம்பிஏ படித்தவர். பயிற்சி நேரத்தோடு மோதினால் அரசாங்கத் தொலைக்கல்வி நிறுவனமான க்னெட் (CNED) வழியாகவும் சில படிப்புகளைத் தொடரலாம். பக் சோதனையைத் தள்ளிப்போடுகிற பேச்சுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். எங்கள் ஆட்கள் பலருக்குப் பெரிதாகத் தெரியாத ஒன்று: வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, அதோடு ஆங்கிலம் என்று மூன்று மொழிக்குள் வளர்ந்த பிள்ளை, பத்து நாட்டு ஆட்கள் இருக்கிற அணிப் பேருந்தில் திணறமாட்டான்.

எவ்வளவு காலம் விட்டுப் பார்ப்பது? 23 வயதுக்குட்பட்டோர் பிரிவு 22-இல் முடிகிறது. அதற்குள் தொழில்முறை ஒப்பந்தம் வராவிட்டால் பிறகு வருவது கஷ்டம். பெல்ஜியக்காரர் எவனபூல் மாதிரி ஜூனியரில் இருந்து நேரே பெரிய அணிக்குத் தாவுகிறவர்கள் வந்த பிறகு கதவு இன்னும் ஒடுங்கிவிட்டது. உலகம் முழுக்க முதல்தர அணிகள் 18தான். ஆகவே 22 வயது வரை என்று இப்போதே இருவரும் பேசி வையுங்கள். அந்த வயதில் ஓட்டம் நின்றாலும், கிளப் பயிற்றுநராகத் தொடங்கி இயக்குநர் பக்கம் போகிற வழி அடைபடாது.

அப்புறம், உங்களிடம் வான் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஞாயிறு ஓட்டங்களில் சாப்பாட்டு இடத்தில் நின்று போத்தல் கொடுக்கக் கிளப்புக்கு எப்போதும் ஆள் வேண்டும். மகன் ஓடாத ஒரு நாளில், சின்னப் பிள்ளைகளின் ஓட்டத்துக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். போத்தலை இறுக்கிப் பிடிக்காமல், கழுத்தை விரல் நுனியால் தூக்கிக் கையை நீட்டினால் போதும், பிள்ளைகள் உருவிக்கொண்டு போவார்கள். அன்றைக்கு யாருக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை, யார் ஏன் அழுதுகொண்டு இறங்கினான் என்று திரும்பி வரும்போது மகனிடம் கேளுங்கள். என்ன சொன்னான் என்று எனக்கும் எழுதுங்கள்.