உலக அரசியல் பொருளாதாரம் படிக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, எங்களுடையது வண்டன்மேட்டுக்கு அருகே ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பம். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, பிறகு பி.ஏ. பொருளாதாரம் முடித்திருக்கிறேன். முதுகலையில் உலக அரசியல் பொருளாதாரம் படிக்க ஆசை. வீட்டிலோ, பி.எட். முடித்துவிட்டுப் பள்ளி வேலைக்குப் போ என்கிறார்கள். எம்.ஏ. பொருளாதாரத்திலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது? என்னால் சமாளிக்க முடியுமா?
– வாசகி, இடுக்கி மாவட்டம்

பதில்: ஒரு பொருளின் விலை எப்படி அமைகிறது என்பதைப் பொருளாதார வகுப்பில் படித்திருப்பீர்கள். அந்த விலை அமையும் களத்தின் விதிகளை யார் வகுத்தார்கள், அதனால் யாருக்கு ஆதாயம், யார் தலையில் நட்டம் விழுகிறது என்பவற்றை இந்தத் துறை விசாரிக்கிறது. 1944-இல் பிரெட்டன்வுட்ஸ் மாநாட்டில் உருவான ஏற்பாட்டின்படி டாலர் தங்கத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. 1971 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் நிக்சன் அந்தப் பிணைப்பை முறித்தார். 1973-இன் இறுதியில் தொடங்கிய எண்ணெய் நெருக்கடியில் சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. அதன்பின் அரசியலை ஒதுக்கிவிட்டுச் சந்தையைப் பற்றிப் பேசவோ, சந்தையை ஒதுக்கிவிட்டு வல்லரசுகளைப் பற்றிப் பேசவோ யாராலும் முடியவில்லை. பிரிட்டனைச் சேர்ந்த சூசன் ஸ்ட்ரேஞ்ச் என்ற அறிஞர் 1970-லேயே, பொருளாதாரத் துறையும் சர்வதேச உறவுகள் துறையும் ஒன்றையொன்று புறக்கணிப்பதைச் சுட்டிக்காட்டி எழுதியிருந்தார். உலகில் அதிகாரம் பாதுகாப்பு, உற்பத்தி, நிதி, அறிவு ஆகிய நான்கு தளங்களில் இயங்குகிறது என்பது பின்னர் அவர் வகுத்த சட்டகம். பல பல்கலைக்கழகங்களில் தொடக்கத்திலேயே இதைப் படிப்பீர்கள்.

உங்கள் ஊரிலேயே அதைப் பொருத்திப் பார்க்கலாம். ஏலக்காய் விற்பனைக்கு வரும் புற்றடி மின்னணு ஏல மையத்தில் ஒவ்வொரு வியாபாரியின் முன்னும் கணினியும் மாதிரிக் காயும் இருக்கும். அவர் காயின் நிறத்தையும் பருமனையும் பார்த்து, ஒன்றைப் பிளந்து முகர்ந்துவிட்டு விலை கேட்கிறார். காயின் தரம் மட்டுமே அங்கே விலையைத் தீர்மானிப்பது போலத் தோன்றும். ஆனால் உலகிலேயே அதிகமாக ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் நாடு குவாத்தமாலா. ஒரு நூற்றாண்டுக்கு முன்பு ஜெர்மானியத் தோட்டக்காரர்கள் வழியாக அங்கே போன பயிர் அது. அந்நாட்டு மக்கள் ஏலக்காயை அதிகம் உண்பதில்லை. விளைவதில் பெரும்பகுதி அரபு நாடுகளின் காப்பிக்கே போகிறது. நம் காயில் பெரும்பகுதியை நாமே உண்கிறோம் என்றாலும், குவாத்தமாலாவில் விளைச்சல் ஏறுவதும் இறங்குவதும் புற்றடியிலும் போடியிலும் எதிரொலிக்கும். 2018-இல் பூச்சிமருந்து எச்சத்தைக் காரணம் காட்டி சவூதி அரேபியா இந்திய ஏலக்காய்க்குத் தடை போட்டபோது, எவ்வளவு எச்சம் வரை ஏற்கலாம் என்ற அளவுகோலே வணிகத்தின் வாசலைத் திறக்கவும் மூடவும் வல்லது என்பது தெரிந்தது. ஸ்ட்ரேஞ்ச் சொன்ன அறிவுத் தளம் இதுதான். மசாலாப் பொருட்களுக்கு உலகத் தரநிலை வகுக்கும் கோடெக்ஸ் குழுவுக்கு இந்தியாதான் தலைமை வகிக்கிறது என்பதும், அதன் முதல் கூட்டம் 2014-இல் கொச்சியில்தான் நடந்தது என்பதும் நம்மவர் பலர் அறியாத செய்திகள். 2018 வெள்ளத்துக்கும் அடுத்து வந்த வறட்சிக்கும் பிறகு, 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு கிலோ அதிகபட்சமாக 7,000 ரூபாய் வரை போனது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலை ஜீப்பில் மேடேறி வந்து காயெடுக்கும் பெண்களின் கூலி அந்த ஏற்றத்தில் எவ்வளவு உயர்ந்தது? இறக்கத்தின் நட்டம் தோட்டக்காரர், காயை உலர்த்தித் தரும் ஸ்டோர்காரர், வியாபாரி, கூலிக்காரர் இவர்களில் யார் மேல் விழுந்தது? இந்தக் கேள்வியை நீங்கள் கையோடு கொண்டு போனால், முதுகலை ஆய்வேட்டுக்கு வேறு தலைப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. சொந்தமாக ஒரு கேள்வி இல்லாமல் இந்தப் படிப்பில் சேர்பவர்கள் கோட்பாடுகளின் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன்.

கணிதத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம், அது எம்.ஏ. பொருளாதாரத்தைவிடக் குறைவுதான். வெளிநாட்டுச் செலுத்துநிலை அட்டவணையை, அதாவது வெளிநாடுகளோடு ஒரு நாட்டுக்குள்ள வரவு செலவுக் கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ளவும் அடிப்படைப் புள்ளியியலைக் கையாளவும் தெரிந்தால் போதும். உண்மையான சிரமம் வாசிப்பில்தான். வாரந்தோறும் பல ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்து, இவர் இதைச் சொல்கிறார், நான் இந்தக் காரணத்தால் ஏற்கவில்லை என்று எழுதத் தெரிய வேண்டும். சேர்வதற்கு முன் கிடைக்கும் மாதங்களில் ஆங்கில நாளிதழின் பொருளாதாரப் பக்கத்திலிருந்து ஒரு கட்டுரையைத் தினமும் படித்து, அதன் வாதத்தைத் தமிழில் ஐந்து வரியிலும் ஆங்கிலத்தில் ஐந்து வரியிலும் எழுதிப் பழகுங்கள். தமிழில் எழுத முடியாவிட்டால் கட்டுரை புரியவில்லை என்று பொருள். தமிழில் வந்து ஆங்கிலத்தில் வராவிட்டால் அது மொழிப் பயிற்சியின் குறை மட்டுமே.

வீட்டார் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். கேரளத்தில் மேல்நிலைப் பள்ளி ஆசிரியராக அந்தந்தப் பாடத்தில் முதுகலையும் பி.எட். பட்டமும் செட் என்னும் மாநிலத் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் கேட்கிறார்கள். உலக அரசியல் பொருளாதாரத்தைப் பல இடங்களில் சர்வதேச உறவுகள் துறைக்குள்தான் படிக்க நேரும்; அதில் பெற்ற முதுகலை, பொருளாதார ஆசிரியர் பணிக்குச் செல்லாமல் போகக்கூடும். மத்திய அரசின் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுதவும் பொருளாதாரத்திலோ அதை ஒட்டிய பாடங்களிலோ முதுகலை இருந்தாக வேண்டும். எனவே உங்கள் நிலையில், சான்றிதழில் பொருளாதாரம் என்ற பெயர் இருக்கும் ஒரு முதுகலையில் சேர்ந்து, விருப்பப் பாடங்களிலும் ஆய்வேட்டிலும் உலக அரசியல் பொருளாதாரத்தை எடுத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: இந்தியாவில் இதை எங்கே படிக்கலாம்? நான் பி.காம். பட்டதாரி.
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: இதே பெயரில் முதுகலை நடத்தும் துறைகள் இங்கே அரிது, பெரும்பாலும் சர்வதேச உறவுகள் அல்லது பொருளாதாரப் படிப்புக்குள் ஒரு பகுதியாகவே இருக்கும். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சர்வதேச ஆய்வுப் புலத்தில் உலகப் பொருளாதாரத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட எம்.ஏ. பொருளாதாரம் உண்டு, முந்தைய வாசகியும் இதைக் கவனிக்கலாம். உங்களுக்கு அருகில் காசர்கோடு பெரியாவிலுள்ள கேரள மத்தியப் பல்கலைக்கழகம், கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் சர்வதேச உறவுகள் சார்ந்த முதுகலை இருக்கிறது, பி.காம். படித்தவருக்கு இவைதான் எளிய வழி. திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தின் பயன்பாட்டுப் பொருளாதார முதுகலை தரமானது, ஆனால் கணிதம் கூடுதல். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் முதுகலை நுழைவுத் தேர்வில் இந்தப் பாடங்களின் வினாத்தாள் தமிழில் வராது என்பதை நினைவில் வைத்துத் தயாராகுங்கள். விண்ணப்பிக்கும் முன் பாடத்திட்டத்தையும், ஆசிரியர்கள் எதில் ஆய்வு செய்கிறார்கள் என்பதையும் இணையத்தில் பாருங்கள்; வணிகம், கடன், உழைப்பு பற்றி எழுதும் ஒருவர்கூட இல்லாத துறையில் சேர்ந்து பயனில்லை.

கேள்வி: என் மகனை இந்தப் படிப்புக்கு வெளிநாடு அனுப்ப, வீட்டை அடகு வைத்துக் கடன் வாங்கும்படி ஒரு முகவர் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகர், பீர்மேடு

பதில்: வேண்டாம். இங்கிலாந்தில் சசெக்ஸ் போன்ற பல்கலைக்கழகங்களின் ஓராண்டு முதுகலை பெயர் பெற்றதுதான். ஆனால் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் மிக அதிகம், பட்டம் முடிந்ததும் வேலை கிடைக்கும் என்ற உறுதியும் கிடையாது. உதவித்தொகை இல்லாமல் அங்கே போகாதீர்கள். பிரிட்டிஷ் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு பணி அனுபவம் தேவை. ஜெர்மனியின் காசல் பல்கலைக்கழகத்தில் உலக அரசியல் பொருளாதாரமும் வளர்ச்சியும் என்ற முதுகலை ஆங்கிலத்திலேயே நடக்கிறது. அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் கல்விக் கட்டணம் இல்லை, பருவத்துக்கு ஒரு சிறு தொகை மட்டும் கட்ட வேண்டும். விசாவுக்காக முதலாண்டு வாழ்க்கைச் செலவான 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். அது உங்கள் பணமே, மாதாமாதம் மகனுக்குத் திரும்ப வரும். இந்திய மாணவர்கள் தங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து வழங்கப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழும் பெற வேண்டும். எல்லாவற்றையும் மாணவரே நேரடியாக விண்ணப்பிக்கலாம், முகவர் தேவையில்லை.

பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் ஆகிய பிரிவினருக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை உண்டு. நீங்கள் அதற்குள் வந்தால் வருமானச் சான்றிதழுக்கு இப்போதே கேரள அரசின் இணையச் சேவை மையமான அட்சயாவில் விண்ணப்பித்துவிடுங்கள். நம் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் முதலெழுத்தாகவும் பாஸ்போர்ட்டில் முழுப் பெயராகவும் இருப்பது வழக்கம். இந்த வேறுபாட்டை வில்லேஜ் ஆபீஸில் ஒரே ஆள் சான்று வாங்கி முன்னதாகவே சரிசெய்துகொள்ளுங்கள்.